மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று மணி நேரம்: பாலக்கோடு பக்கம் ஒரு ஏக்கர் தக்காளியின் தண்ணீர்க் கணக்கு

தர்மபுரி மாவட்டப் பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் இடையில், தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஏக்கர் செம்மண் நிலம். பிப்ரவரி நடுவில் நட்ட வீரிய ஒட்டுத் தக்காளி. மேட்டுப்பாத்தி, அதை மூடிய மல்ச்சிங் பிளாஸ்டிக் ஷீட், சொட்டுநீர், குச்சி நட்டுக் கயிறு கட்டிய செடிகள் என்று பார்வைக்குக் குறை சொல்ல முடியாத வயல். ஏப்ரல் முதல் வாரத்தில் அந்த வயலுக்குச் சொந்தக்கார அண்ணன் போனில் கூப்பிட்டார். "தம்பி, காய் எலுமிச்சங்கா அளவு வந்ததும் அடியில கருப்பா போகுது. ரெண்டு தடவ மருந்து அடிச்சாச்சு, நிக்கல. ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்க."

மறுநாள் பிற்பகல் போனேன். இருபது செடிகளை வரிசையாக எண்ணினோம். முதல் கொத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு காய்க்கு அடியில் கருமை இருந்தது. இரண்டாவது கொத்திலும் தொடங்கியிருந்தது. கருத்த இடம் தோல் போலத் தடித்து, உள்வாங்கி இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு. பூசணமோ நாற்றமோ இல்லை. இது நோயல்ல, காயின் அடி அழுகல். கடையில் கால்சியம் தெளிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் சொன்னபடி இரண்டு முறை தெளித்தும் இருந்தார்.

நான் கேட்டது ஒன்றுதான். "தண்ணி எப்படிண்ணா விடறீங்க?"

"மூனு நாளுக்கு ஒருதரம். ஒரு வால்வுக்கு மூனு மணி நேரம். நட்டதுல இருந்து அதேதான், ஒருநாளும் தவறினதில்ல."

தவறாமல் செய்த அந்த வேலையில்தான் சிக்கல் இருந்தது. அதை எப்படிக் கண்டோம், எப்படி மாற்றினோம் என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். சொட்டுநீர் போட்டிருக்கிறோம், தண்ணீர் விஷயத்தில் இனிக் கவலையில்லை என்று நம்பியிருக்கும் வயல்களை இந்தப் பக்கத்தில் நான் நிறையவே பார்க்கிறேன்.

கால்சியம் இருந்தது, போய்ச் சேரவில்லை

அடி அழுகலுக்குக் காரணம் காய் நுனியில் கால்சியம் குறைவது. அது சரிதான். அதனால் மண்ணில் கால்சியம் இல்லை என்று ஆகிவிடாது. அந்தப் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், அவ்வளவு கடினநீர். கால்சியம் செடிக்குள் ஏறுவது வேர் உறிஞ்சும் தண்ணீரோடுதான். தண்ணீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அந்தப் பக்கம்தான் அதுவும் போகும். இலை நாள் முழுக்க நீரை ஆவியாக விடுகிறது. வழவழப்பான தோல் கொண்ட காய் மிகக் கொஞ்சமே விடுகிறது. வேருக்குத் தண்ணீர் தட்டுப்பட்டால், வருகிற கொஞ்சத்தையும் இலையே இழுத்துக்கொள்ளும், காயின் அடிப்பகுதி பட்டினி கிடக்கும். இலையில் விழுந்த கால்சியம் அங்கிருந்து இறங்கிக் காய்க்கு வருவதும் இல்லை. இரண்டு தெளிப்பும் வீணானது இதனால்தான்.

காய் பிடித்த முதல் இரண்டு மூன்று வாரம்தான் இதில் ஆபத்தான காலம். அந்த நாட்களில் மண் ஒருநாள் சேறாகவும் இரண்டு நாள் கழித்து உலர்ந்தும் கிடந்தால் போதும், அடி கருத்துவிடும்.

டிரம், டம்ளர், மண்வெட்டி

அளக்க எங்களிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. மோட்டார் கொட்டகையில் 200 லிட்டர் நீல டிரம் ஒன்று கிடந்தது. போர் குழாயை அதில் திருப்பிவிட்டு செல்போனில் நேரம் பார்த்தோம். 80 நொடியில் நிரம்பியது. கணக்குப் போட்டால் மணிக்கு 9,000 லிட்டர். அண்ணன் அதுவரை "ஒன்றரை இஞ்ச் தண்ணி" என்று மட்டுமே சொல்லி வந்தார். மணிக்கு எத்தனை லிட்டர் என்று முதல்முறையாகத் தெரிந்தபோது அவர் முகத்தில் வந்த கவனத்தை நான் மறக்கவில்லை.

பாத்தி நெடுக ஓடும் லேட்ரல் குழாய் 1.5 மீட்டருக்கு ஒன்று, அதில் தண்ணீர் சொட்டும் டிரிப்பர் 60 செ.மீ.க்கு ஒன்று, ஒவ்வொரு டிரிப்பரும் மணிக்கு 4 லிட்டர். ஏக்கருக்கு ஏறக்குறைய 4,500 டிரிப்பர். வயல் இரண்டு கேட் வால்வாகப் பிரிந்திருந்ததால் ஒரு வால்வுக்கு 2,250 டிரிப்பர், அதாவது மணிக்கு 9,000 லிட்டர். போரும் குழாயும் பொருந்தியே இருந்தன, வடிவமைப்பில் தவறில்லை.

இந்தக் குழாய் இடைவெளிக்குப் பின்னால் இந்த மண்ணின் வரலாறு ஒன்று உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-05இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று ஆண்டில் 400 ஹெக்டேர். உளிக்கலப்பை உழவு, குழித்தட்டு நாற்று, சொட்டுநீர், அதன் வழியே கரையும் உரம் எல்லாம் சிறு விவசாயிகளிடம் ஒரே தொகுப்பாக வந்தது அப்போதுதான். லேட்ரலுக்கு 1.5 மீட்டர், டிரிப்பருக்கு 60 செ.மீ. என்பதும் அந்தத் திட்டத்தின் அளவே. தர்மபுரி விவசாயிகளிடம் எடுத்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, தக்காளி விளைச்சல் 80 சதவீதமும் செலவு போக நிற்கும் வருமானம் 165 சதவீதமும் கூடியதாகச் சொல்கிறது. அந்த வெற்றியைப் பார்த்து ஊர் ஊராகக் குழாய் பரவியது. இன்று சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியமும் இருக்கிறது. குழாய் வந்த அளவுக்கு, அதை எத்தனை நிமிடம் திறந்து வைப்பது என்ற கணக்கு வயலுக்கு வந்து சேரவில்லை. இந்த வயலில் குழாய் போட்டவர்களும் வால்வைத் திறந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்து மண்வெட்டி. நான் போனது தண்ணீர் விட்ட மூன்றாம் நாள். வெயிலில் இலைகள் சுருண்டு நின்றன. ஷீட்டை ஓரமாக விலக்கி டிரிப்பருக்கு நேர் கீழே தோண்டினோம். ஒரு சாண் ஆழம் வரை மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கவில்லை, உதிர்ந்தது. ஒன்றரை அடிக்குக் கீழே போனால் அதே மண் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. வெள்ளை வேர்கள் எல்லாம் மேல் ஒரு அடிக்குள்தான். ஈரம் இருந்த இடத்தில் வேர் இல்லை. அண்ணன் குழிக்குள் கைவிட்டு, கீழ் மண்ணை ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தார். "இவ்வளவு தண்ணியும் கீழ போயிருக்கே தம்பி" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கணக்கு சொன்னது

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. உயரத் தண்ணீர் என்றால் 4,047 லிட்டர். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வால்வுக்கும் 27,000 லிட்டர் விட்டால் ஏக்கருக்கு நாள் சராசரி 18,000 லிட்டர், அதாவது 4.4 மி.மீ. இது மோசமான எண்ணே அல்ல. 120 நாளுக்குப் பெருக்கினால் 530 மி.மீ. வரும். தக்காளிக்கு 400 முதல் 600 மி.மீ. வேண்டும் என்று உலக உணவு வேளாண் அமைப்பு சொல்லும் வரம்புக்குள்தான் அது இருக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் யாரும் தவறு சொல்ல மாட்டார்கள்.

ஆனால் செடிக்கு வேண்டியது நாளுக்கு நாள் மாறுகிறது. நான் போட்ட கணக்கு எளிமையானது. அன்றைய வெயிலுக்கு எவ்வளவு நீர் ஆவியாகும், செடியின் நிழல் நிலத்தில் எத்தனை பங்கை மூடியிருக்கிறது, இரண்டையும் பெருக்கி, முழு வளர்ச்சித் தக்காளிக்கான 1.15 என்ற பயிர்க் கெழுவால் (பயிரின் நீர்த் தேவையை ஆவியாதலோடு ஒப்பிடும் எண்) மீண்டும் பெருக்குவது. பிப்ரவரியில் ஆவியாதல் 5 மி.மீ. என்று வைத்தேன். நட்ட புதிதில் நிழல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 5,000 லிட்டர் போதும். ஏப்ரலில் ஆவியாதல் 6 மி.மீ., நிழல் ஐந்தில் நாலு பங்கு. அப்போது 22,000 லிட்டர் வேண்டும்.

அண்ணன் இரண்டு காலத்துக்கும் ஒரே 18,000 கொடுத்திருக்கிறார். நாற்றுப் பருவத்தில் தேவைக்கு மூன்றரை மடங்கு, காய்க்கும் பருவத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறை. முதல் மாதம் மேலேயே தண்ணீர் நின்றதால் வேருக்கு ஆழம் தேட வேண்டிய தேவை வரவில்லை. மேலோட்டமாகவே படர்ந்த அந்த வேருக்குத்தான் பிறகு மூன்று நாள் இடைவெளியைத் தாங்கும் சோதனை வந்தது.

இடைவெளி ஏன் அவ்வளவு கெடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். என் பார்வையில் இந்த வயலின் விஷயமே அதில்தான் இருக்கிறது. டிரிப்பர் நனைப்பது பாத்தியில் இரண்டடி அகலம்தான், நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. மணல் கலந்த செம்மண் மேல் ஒரு அடிக்குள் செடி எடுக்கக்கூடிய நீராக 30 முதல் 36 மி.மீ. வரை பிடித்து வைக்கும். அதில் ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்ததுமே தக்காளி சிரமப்படத் தொடங்கும். அப்படியானால் நனைந்த பட்டையில் சுகமாகக் கிடைப்பது 12 முதல் 14 மி.மீ. ஏக்கர் முழுக்கப் பரப்பிக் கணக்கிட்டால் 5 மி.மீ. சொச்சம்.

ஏப்ரலில் ஒரு நாள் தேவையும் 5.5 மி.மீ.தான். மேல் ஒரு அடி மண் என்கிற பானைக்கு ஒரு நாள் தண்ணீர்தான் பிடிக்கும். மூன்று மணி நேரம் ஊற்றினால் நிரம்பி வழிந்து வேருக்குக் கீழே போகிறது. இரண்டாம் நாள் பானை காலி. மூன்றாம் நாள் செடி தன்னைக் காத்துக்கொள்ள இலையைச் சுருட்டுகிறது. முதல் நாள் நிரம்பல், மூன்றாம் நாள் வறட்சி. அடி அழுகலுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

ஏரித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் வாய்க்காலில் பாய்ந்த காலத்தில் மூன்று நாள், நான்கு நாள் முறை பொருந்தியது. அப்போது முழு நிலமும் நனைந்தது, பானை பெரிதாக இருந்தது. சொட்டுநீர் வந்தபின் பானை சிறியதாகிவிட்டது. பழைய முறை மட்டும் கையோடு தங்கிவிட்டது.

வால்வைத் திறப்பது யார்?

புது நேரத்தை அண்ணனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். காய் பறித்துக்கொண்டிருந்த அண்ணி கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "தம்பி, அவருகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? வால்வு திருப்பறது நான். எங்கிட்ட சொல்லுங்க."

அன்று நான் கற்றுக்கொண்டது இது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ வயலில் ஆண்களிடம் மட்டும் தண்ணீர்ப் பேச்சுப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் டார்ச்சோடு போய் வால்வு மாற்றுகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். எந்த வால்வின் கடைசி வரிசை எப்போதும் வாடும், எந்த மூலையில் ஷீட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அண்ணிக்கு அத்துப்படி. மூன்று மணி நேரம் என்ற கணக்கும் ஏன் வந்தது என்று அவர்தான் சொன்னார். மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர்; மின்சாரம் வந்ததும் தானாக ஓடும். நடுவில் எழுந்து போக முடியாது. எனவே ஒரு முறை மின்சாரம் வந்தால் ஒரு வால்வு என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு தாயின் தூக்கத்தோடும் மின்சார நேரத்தோடும் பொருந்திய கணக்கு அது. செடியோடுதான் பொருந்தவில்லை.

கடைசி வரிசை வாடுகிறது என்று அவர் சொன்னதை டம்ளர் வைத்துச் சோதித்தோம். 4 லிட்டர் டிரிப்பர் மூன்று நிமிடத்தில் 200 மில்லி தர வேண்டும். வால்வுக்கு அருகே எவர்சில்வர் டம்ளர் நிரம்பியது. கடைசி வரிசையில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது. ஸ்கிரீன் ஃபில்டரைக் கழற்றினால் வலையில் பாசியும் மண்ணும். லேட்ரல் முனை மூடியைத் திறந்ததும் முதலில் செம்பழுப்பாக வந்து, பிறகுதான் தெளிந்தது. கடினநீர் ஆதலால் டிரிப்பர் வாயில் சுண்ணாம்பும் படிந்திருந்தது. அமில சிகிச்சை செய்து (நீர்த்த அமிலத்தைக் குழாய்க்குள் விட்டு), ஒரு நாள் வைத்திருந்து, முனைகளைத் திறந்து கழுவிவிட்டோம். பின் வரிசை டம்ளரில் முக்கால் தாண்டியது. முழுதாகச் சரியாகவில்லை. கல்லாகிப்போன டிரிப்பர்கள் சில அப்படியே இருக்கின்றன. அந்த இடங்களில் துளையிட்டுப் புது டிரிப்பர் செருகினார் அண்ணன்.

மாற்றியது

தினமும், ஒரு வால்வுக்கு 75 நிமிடம். ஆட்டோ ஸ்டார்ட்டருக்கு ஒரு டைமர் வாங்கி மாட்டினார்கள். இரவு மின்சாரமானால் முதல் வால்வு திறந்த நிலையில் மோட்டார் ஓடி, 75 நிமிடத்தில் டைமர் அதை நிறுத்திவிடும், விடியற்காலையில் அண்ணி அடுத்ததை ஓட்டுவார். கடும் வெயில் நாளில் முடிந்தபோது இரண்டு தவணையாகப் பிரித்தார்கள்.

உரம் விடுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. அதுவரை உரக் கரைசலைக் குழாய்க்குள் இழுத்துவிடும் வென்சுரியை முதல் நிமிடத்திலேயே திறந்துவிட்டு, பிறகு இரண்டரை மணி நேரம் வெறும் தண்ணீர். காசு கொடுத்து வாங்கிய நைட்ரேட்டை வேருக்குக் கீழே கழுவிவிட்டதுதான் நடந்தது. இப்போது முதல் 20 நிமிடம் வெறும் தண்ணீர், நடுவில் உரம், கடைசி 15 நிமிடம் மீண்டும் வெறும் தண்ணீர். கால்சியம் நைட்ரேட்டைத் தனி நாளில் விடுகிறார்கள். சல்பேட், பாஸ்பேட் உரங்களோடு ஒரே வாளியில் கலந்தால் திரிந்து படிந்து டிரிப்பரை அடைக்கும். அம்மோனியம் தழைச்சத்தையும் குறைத்தோம், அது கால்சியம் ஏறுவதைத் தடுக்கும்.

கருத்த காய்களை எல்லாம் பறித்துப் போடச் சொன்னேன். அண்ணிக்கு மனமே வரவில்லை. அது தேறாது, ஆனால் செடியின் சத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும். மூன்று வாரத்துக்குப் பலனை எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பழைய வறட்சியில் பிடித்த காய்கள் எப்படியும் கருக்கும், புதிதாகப் பிடிப்பவைதான் மாற்றத்தைக் காட்டும். இதைச் சொல்லாமல் விட்டால் ஒரு வாரத்தில் நம்பிக்கை போய்விடும், மறுபடி கடைக்குத்தான் போவார்கள்.

ஏப்ரல் கடைசியில் நான்காவது கொத்தைப் பார்த்தபோது, அதே இருபது செடியில் அடி கருத்த காய் இரண்டு. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய முறையில் ஒரு வரிசையையாவது விட்டு வைத்திருக்க வேண்டும், விடவில்லை. வயிற்றுப்பிழைப்பு வயலில் அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மே மாத மழை

மே இரண்டாம் வாரம் ஒரே மாலையில் நல்ல கோடை மழை. பழம் வெடிப்பது இப்படித்தான்: வறண்ட மண்ணில் திடீரென நீர் கிடைத்தால் உள்சதை வேகமாக உப்பும், முற்றிய தோலால் ஈடுகொடுக்க முடியாது, காம்பைச் சுற்றி வளையமாகவோ கோடாகவோ பிளக்கும். தினமும் ஒரே சீரான ஈரத்தில் இருந்ததால் இங்கே அதிர்ச்சி குறைவு. ஆனாலும் வெடித்தது. ஓரங்களில், டிரிப்பர் சரியாக வராத வரிசைகளில்தான் அதிகம். மழைக்கு முன்னால் செங்காயாக நிறம் திரும்பியதைப் பறித்திருந்தால் இன்னும் தப்பியிருக்கும். மழைக்குப் பிறகு எத்தனை நாள் நிறுத்துவது என்பதை நாள் எண்ணி முடிவு செய்யவில்லை. ஷீட் மூடிய பாத்திக்குள் மழை முழுதாக இறங்காது. ஒரு சாண் தோண்டி உருண்டை பிடித்துப் பார்த்து, மூன்றாம் நாள் பாதி நேரத்தில் தொடங்கினார் அண்ணி.

பழுக்கும் காலத்தில் தண்ணீரைக் குறைத்தால் இனிப்பு கூடும் என்று கேள்விப்பட்டு அண்ணன் கேட்டார். கலிபோர்னியாவில் சாறு, சாஸ் ஆலைக்குப் போகும் தக்காளிக்கு அப்படிச் செய்கிறார்கள். அங்கே எல்லாம் ஒரே சமயம் பழுத்து, இயந்திரம் ஒரே முறை அறுக்கும். நம் செடியில் கீழே பழம், நடுவே காய், மேலே பூ. கீழ்ப் பழத்துக்காகத் தண்ணீரைக் குறைத்தால் மேல் பூ உதிரும். வேண்டாம் என்றேன்.

அடுத்த நடவு

ஆகஸ்டில் பக்கத்துத் துண்டில் நட்டபோது முதல் நாளிலிருந்தே நிமிடக் கணக்கு. மோட்டார் கொட்டகைச் சுவரில் அண்ணி சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்திருக்கிறார்: நட்டு 20 நாள் வரை தினம் 15 முதல் 20 நிமிடம், பிறகு அரை மணி, 35 நாள் கடந்ததும் முக்கால் மணி, கொடி போல் மூடியபின் ஒரு மணி. மழை விழுந்த நாளுக்கு நேரே ஒரு கோடு. கோடை நடவை இந்த முறையிலேயே முழுதாக ஓட்டினால் மொத்தம் 470 மி.மீ. போல வரும். பழைய 530-ஓடு ஒப்பிட்டால் மிச்சம் பத்தில் ஒரு பங்குதான். நாற்றுப் பருவத்தில் வீணாய்ப்போன தண்ணீரை எடுத்துக் காய்க்கும் பருவத்துக்குக் கொடுத்ததுதான் பெரிய லாபம். பாதித் தண்ணீர் மிச்சம் என்று பேசுகிறவர்களைவிட இந்தச் சின்ன எண்ணை நான் நம்புகிறேன்.

கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய, நிறவிளக்கில் மண் ஈரம் காட்டும் கருவியை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அண்ணி அதையும் குத்திப் பார்க்கிறார், கையால் உருண்டை பிடித்தும் பார்க்கிறார். இரண்டும் ஒத்துப்போனால்தான் வால்வைத் தொடுகிறார்.

இந்த ஏப்ரலில் மறுபடி டிரம் வைத்து அளந்தார்கள். 80 நொடியில் நிரம்பியது இப்போது 95 நொடி ஆகிறது. போர் மணிக்கு 7,600 லிட்டருக்கு இறங்கிவிட்டது. நிமிடத்தைக் கூட்டினால் மட்டும் சரியாகாது. அழுத்தம் குறைந்து கடைசி வரிசை மறுபடி வாடும். வயலை மூன்றாகப் பிரிக்க மூன்றாவது கேட் வால்வு வாங்கி வைத்திருக்கிறார்கள். லேட்ரல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சப்மெயின் குழாயை வெட்டி மாட்ட வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.